வண்டியின் பதினான்காம் ஆண்டைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாகனப் பக்கத்தை வாரம் தவறாமல் படிக்கிறவள் நான். சென்ற வாரம் வந்த புதுக் கார் விமர்சனத்தில், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை விநாடி என்பதைத் தசமப் புள்ளியோடு போட்டிருந்தீர்கள். டேஷ்போர்டுத் திரை எத்தனை அங்குலம், கூரை திறக்குமா, உள்விளக்கு எத்தனை நிறத்தில் மாறும், எல்லாம் இருந்தது. பின்கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பது மட்டும் இல்லை. ஸ்டெப்னி தருகிறார்களா, அல்லது பஞ்சர் அடைக்கும் பசைக் குப்பியையும் குட்டி ஏர் பம்பையும் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்களா என்பதும் இல்லை. அதே பக்கத்தில், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை காரை மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம் என்று ஒரு பெட்டிச் செய்தி. அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் கார் 2011-இல் வாங்கியது. ஐந்து கதவு, 1.2 லிட்டர் பெட்ரோல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ் உண்டு, ஏர்பேக் இரண்டு. வாங்கும்போது மகளுக்கு இரண்டு வயது. இப்போது பதினாறு, கால் நீட்ட இடமில்லை என்கிறாள். வண்டி மாறவில்லை, அவள் கால்தான் நீண்டுவிட்டது. என் கணவருக்கு ஓட்டத் தெரியும், ஆனால் பிடிக்காது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அங்கே இல்லாத பிரேக்கை மிதிப்பதுதான் பிடிக்கும். ஆகவே பதினான்கு வருடமாக வண்டியும் அதன் வைத்தியமும் என் பொறுப்பு.

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். எதையும் எழுதி வைக்காவிட்டால் தூக்கம் வராது. வண்டி வந்த அன்றே ஒரு நீள நோட்டு போட்டேன். தேதி, மீட்டர், எத்தனை லிட்டர், என்ன வேலை, யார் சொன்னது, பழைய பாகத்தைக் கண்ணால் பார்த்தேனா இல்லையா என்று ஆறு பத்தி. கடைசிப் பத்தியைப் பார்த்து மெக்கானிக்குகள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் கேட்காமலேயே பழைய ஃபில்டரைக் கொண்டுவந்து காட்டத் தொடங்கினார்கள்.

இந்த நோட்டினால் என்ன பயன் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். நான் மைலேஜ் பார்ப்பது டேஷ்போர்டில் வரும் எண்ணை வைத்து அல்ல. டேங்க் ஃபுல்லிலிருந்து அடுத்த டேங்க் ஃபுல் வரை ஓடிய கிலோமீட்டரை, இரண்டாம் தடவை ஊற்றிய லிட்டரால் வகுப்பது. இதில் ஒரு விஷயம்: பம்ப் ‘டக்’கென்று தானாக நின்றதும் விட்டுவிட வேண்டும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கழுத்து வரை ஊற்றினால் கணக்கும் பிசகும். பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோலே போய் அதுவும் கெடும். 2018-இல் எங்கள் வண்டி லிட்டருக்கு 17 தந்துகொண்டிருந்தது. மூன்றே டேங்கில் 16, 15.2, 14.6 என்று இறங்கியது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில், “வண்டிக்கு வயசாயிடுச்சு மேடம், அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். ஏழு வருடத்தில் வராத வயது ஒன்றரை மாதத்தில் எப்படி வரும்? வயது படியில் இறங்குவது போல மெதுவாக அல்லவா வரும், இது மொட்டை மாடியிலிருந்து குதித்தது போல இருக்கிறதே என்றேன். பதில் இல்லை.

பிறகு எங்கள் தெருமுனையில் தனியாகக் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் நோட்டோடு போனேன். பானட்டைத் திறக்கவே இல்லை அவர். “ஒரு பத்து நிமிஷம் ஓட்டிட்டு வாங்கம்மா, முடிஞ்ச வரைக்கும் பிரேக் புடிக்காம” என்றார். வந்து நின்றதும் நான்கு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனார், தொடாமல். மூன்று இளஞ்சூடு. முன் இடது சக்கரத்தில் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். காலிப்பர் (பேடை அழுத்தும் கவ்வி) நகர்வதற்கான ‘பின்’ என்கிற கம்பி துருப்பிடித்து இறுகி, பிரேக் பேட் டிஸ்கை விட மாட்டேன் என்று உரசிக்கொண்டே வந்திருக்கிறது. நான் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, அது பிரேக் பிடிக்க, இரண்டுக்கும் நடுவில் பெட்ரோல் எரிந்திருக்கிறது. அந்தக் கம்பியைக் கழற்றித் தேய்த்து, அதற்கென்று உள்ள கிரீஸ் போட்டு, இரண்டு பக்கமும் பேட் மாற்றினார். அடுத்த டேங்க் 16.8. அன்றிலிருந்து நெடுந்தூரம் போய் இறங்கினால் நானும் நான்கு சக்கரத்தருகில் கையைக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன். என் மகள் இதை ‘அம்மா ஜுரம் பார்க்கிறாள்’ என்பாள்.

பிரேக் என்று வந்ததால் இன்னொன்று. இதை எழுதும்போது இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது. 2016. மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தோம். வண்டியில் ஐந்து பேர், டிக்கி நிறையப் பெட்டிகள். எனக்கு அப்போது புத்தி போதாது; நான்காம் கியரில் போட்டுக்கொண்டு வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தே வந்தேன். பாதி மலையில் பெடல் பஞ்சு போல அமுங்கியது. வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டிக் கால் கீழே போனது. இரண்டு மூன்று தடவை விட்டுவிட்டு மிதித்ததும் கொஞ்சம் பிடித்தது. மூன்றாம் கியர், இரண்டாம் கியர் என்று இறக்கி, இன்ஜின் முனகலோடு வேகம் குறைந்து, ஓரத்தில் அகலமான இடம் பார்த்து நிறுத்தினேன். பக்கத்து சீட்டில் கணவர் வழக்கம்போலக் காலால் தரையை அழுத்திக்கொண்டிருந்தார். அன்று முதல் முறையாக அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக ஊர்ந்து இறங்கினோம்.

காரணம் என்ன? பிரேக் ஆயில் என்கிறோம், ஆனால் அது எண்ணெயே இல்லை. நம் வண்டிகளில் இருக்கும் டாட் 3, டாட் 4 வகையெல்லாம் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் சார்ந்த திரவம்; ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. புதிதாக இருக்கும்போது டாட் 4 குறைந்தது 230 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. சுமார் 3.7 சதவீதம் ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 155 டிகிரிக்கு வந்துவிடலாம். மலை இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடித்தால் அந்தச் சூடு வருவது பெரிய காரியமில்லை. திரவம் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகிறது. திரவத்தை அழுத்தினால் அமுங்காது, ஆவி அமுங்கும். நாம் மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியை நசுக்குவதோடு தீர்ந்துபோய், சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஆறினால் குமிழி மறையும், பெடல் பழையபடி கெட்டியாகும். அதனால்தான் மறுநாள் காட்டினால், “ஒண்ணும் இல்லையே, பிரேக் நல்லாத்தானே இருக்கு” என்பார்கள்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். ஐந்து வருடத்தில் ஒரு முறைகூட பிரேக் ஆயில் மாற்றவில்லை. ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் ‘பரிசோதிக்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தது. என்னத்தைப் பரிசோதித்தார்கள்? டப்பாவில் அளவு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்திருப்பார்கள். கையேட்டில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்று என்று தெளிவாக அச்சடித்திருந்தது. அந்தப் பக்கத்தை நான் திறந்ததே இல்லை. கணக்கெழுதுகிறவள் என்று பீற்றிக்கொள்கிறேனே, செய்ததை எழுதினேன், செய்யாததை எழுதவில்லை. அதன் பிறகு நோட்டில் ஏழாவது பத்தி வந்தது: அடுத்து எப்போது.

அந்த ஏழாவது பத்திதான் 2019-இல் டைமிங் பெல்ட்டையும், அதாவது வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் பல்பட்டையையும், பிடித்துக் கொடுத்தது. எங்கள் வண்டிக்கு 90,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும், 92,000-இல் விழித்துக்கொண்டேன். எல்லா வண்டியிலும் பெல்ட் இருக்காது, பலவற்றில் செயின் இருக்கும், உங்கள் வண்டியில் என்ன என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதி, இன்ஜினின் மேல்பாகமான ஹெட் மொத்தமும் போய்விடும். அறுவதற்கு முன் பெரும்பாலும் சத்தமோ நடுக்கமோ எதுவும் காட்டாது. கழற்றி வந்த பெல்ட்டை மடக்கிப் பார்த்தேன். உட்பற்களின் அடியில் முடி போன்ற வெடிப்புகள் வரிசையாக இருந்தன.

ஏசி கதை சுருக்கமானது. காற்று வரவில்லை, குளிர்ச்சி போதவில்லை என்று போனால் ‘கேஸ் இறங்கிவிட்டது, ஏற்ற வேண்டும்’ என்றார்கள். ஒரு வருடம் முன்புதான் ஏற்றியிருந்தது, நோட்டில் இருக்கிறது. கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகிற சரக்கில்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ஒரே வருடத்தில் அவ்வளவு குறைந்தால் எங்கோ கசிவு இருக்க வேண்டும், அதை முதலில் கண்டுபிடியுங்கள் என்றேன். கசிவும் இல்லை. க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் ஏசி ஃபில்டர் இருக்கும். பல வண்டிகளில் ஸ்பேனரே தேவையில்லை, கையாலேயே கழற்றலாம். இழுத்தேன். காய்ந்த இலை, தூசி, மகள் சிறுவயதில் இழந்த ஒரு பொம்மையின் செருப்பு. அந்தச் செருப்பு அதற்குள் எப்படிப் போனது என்பது இன்றுவரை விளங்கவில்லை.

இப்போது வீல் நட்டு. ஆசிரியர் அவர்களே, இதை நீங்கள் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வேறு எதை வெட்டினாலும் பரவாயில்லை.

2020 கடைசியில் ஒரு ராத்திரி, நெடுஞ்சாலை, தூறல். பின் வலது டயர் பஞ்சர். ஓரம் கட்டி, நான்கு விளக்கும் மினுக்க விட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு ஜாக்கியை எடுத்தேன். வண்டியைத் தூக்கும் முன், சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்பது தெரியும். தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் சக்கரம் சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து சரியும். ஸ்பேனரை மாட்டினேன். அசையவில்லை. கணவர் முயன்றார். அசையவில்லை. ஏறி நின்றேன். ஸ்பேனர்தான் வளைந்தது. மூன்று வாரம் முன்பு வீல் அலைன்மெண்டும் பேலன்சிங்கும் செய்த இடத்தில், காற்றழுத்தத்தில் நட்டைச் சுழற்றும் ஏர் கன்னை வைத்து ‘டர்ர்’ என்று இறுக்கி அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் கையேடு சொல்வது 110 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 45 கிலோவை வைத்து அழுத்துவதற்குச் சமம். என் எடை எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன், ஆனால் 45-ஐவிட நன்றாகவே அதிகம். அவ்வளவு எடை ஏறி நின்றும் அசையாத நட்டை எவ்வளவு இறுக்கியிருப்பார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி இறுக்கினால் போல்ட்டின் மரை நீளும், ஒருநாள் கழுத்தோடு முறியும்.

ஒரு லாரிக்காரர் நிறுத்தினார். ஒன்றும் பேசவில்லை. தன் வண்டியிலிருந்து ஆளுயர இரும்புக் குழாயை எடுத்துவந்து, வளைந்த ஸ்பேனரைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தன் ஸ்பேனரை மாட்டி, அதன் காம்பில் குழாயைச் செருகி, நுனியில் ஒரு கை வைத்து அழுத்தினார். ‘க்ரீச்’ என்று ஒரு கத்தல். மற்றதெல்லாம் அப்படியே. சரி, பிழைத்தோம் என்று ஸ்டெப்னியை இறக்கினால், அது பாதிக் காற்றில் தொளதொளவென்று கிடந்தது. லாரிக்காரர் டார்ச் அடித்து டயரின் பக்கவாட்டைப் பார்த்தார். நீள்வட்டத்துக்குள் 4810. “பத்து வருஷ டயரும்மா இது” என்றார். அதுவரை எனக்கு அந்த எண்ணைப் படிக்கத் தெரியாது. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம்: 2010-ஆம் ஆண்டின் 48-ஆவது வாரத்தில் செய்தது. ஒருநாளும் ஓடாத, பட்டன் தேயாத டயர்தான், ஆனாலும் ரப்பர் டிக்கிக்குள் இருந்தபடியே கிழடு தட்டிவிட்டது. அவருடைய லாரியிலிருந்தே காற்று ஏற்றிக் கொடுத்து, நாற்பதுக்கு மேல் போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

அன்றிலிருந்து டயர் வேலை எதற்குப் போனாலும், வீட்டுக்கு வந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கி ஒவ்வொரு நட்டாக ஒரு முறை தளர்த்தி மறுபடி என் கையாலேயே இறுக்குகிறேன். வரிசையாக இல்லை, எதிரெதிராக. இப்போது ஒரு டார்க் ரெஞ்சும் வாங்கிவிட்டேன். சரியான அளவு வந்ததும் ‘க்ளிக்’ என்று சொல்லிவிடும். அப்புறம் நூறு கிலோமீட்டர் ஓடிய பின் இன்னொரு முறை சரிபார்ப்பு. டிக்கியில் இரண்டடி நீளக் குழாய் ஒன்றும் இருக்கிறது. கழற்றுவதற்கு மட்டும்தான் அது. இறுக்குவதற்குக் குழாயைப் போட்டால் நானும் அந்த ஏர் கன் பையனும் ஒன்றாகிவிடுவோம். ஸ்டெப்னிக்கு மாதம் ஒரு முறை காற்று பார்க்கிறேன். காற்று பார்ப்பது காலையில், வண்டி ஓடும் முன். ஓடி வந்து சூடான டயரில் பார்த்தால் நான்கைந்து பவுண்டு கூடக் காட்டும். அதை நம்பி இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவான காற்றில் நிற்கும். எவ்வளவு அடிக்க வேண்டும் என்று டயர்க் கடைக்காரரைக் கேட்க வேண்டாம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுதான் வேதம். டயரின் மேலேயே அச்சடித்திருப்பது அதிகபட்ச அளவு, நாம் அடிக்க வேண்டிய அளவு அல்ல.

பேட்டரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020-இல் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது எட்டு வாரம் வண்டி நகரவில்லை. பிறகு சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக் டிக்’. செல்ஃப் எடுக்கவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தால் 11.8 வோல்ட். முழுசாக ஏறிய பேட்டரி 12.6 காட்ட வேண்டும். ஹேண்ட் பிரேக்கும் டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முன்னும் பின்னும் ஆட்டியதும் ‘டொம்’ என்று விட்டது. ஆகவே இப்போது நாள் கணக்கில் நிறுத்தினால் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுகிறேன். தினம் பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து வைத்தால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். போதாது. ஸ்டார்ட் செய்யச் செலவான கரண்டைத் திரும்ப ஏற்றவே அந்த நேரம் சரியாக இருக்கும், இன்ஜினும் சரியாகச் சூடேறாமல் ஆயிலில் ஈரம் சேரும். வாரம் ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வருவது மேல்.

இன்ஜின் ஆயில், கூலன்ட் பற்றியெல்லாம் நூறு பேர் எழுதிவிட்டார்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், வெறும் தண்ணீரை ஊற்றி ஊற்றிச் சமாளிக்காதீர்கள், நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

இனி வண்டி வாங்குகிறவர்களுக்கான விஷயம். உங்கள் விமர்சகர்களிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான். என் மாமியாருக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. ஒரு வருடம் முன்பு, வண்டியை மாற்றலாமா என்று மூன்று இடத்துக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போனோம். நான் பையில் இஞ்ச் டேப் எடுத்துப் போனேன். எங்கள் பழைய வண்டியில் தரையிலிருந்து சீட் 21 அங்குலம். அத்தை பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துக்கொள்வார், யார் கையும் வேண்டாம். முதலில் பார்த்த நீளமான செடானில் கிணற்றில் இறங்குவது போல விழுந்தார். எழுந்திருக்க இருவர் தேவைப்பட்டது. அடுத்த உயரமான வண்டியில் ஏறவே முடியவில்லை; பக்கப்படி போட்டுத் தருகிறோம் என்றார் விற்பனையாளர். “படி ஏற முடிஞ்சா நான் ஏன் தம்பி கார்ல வர்றேன்” என்றார் அத்தை. மூன்றாவதில் உயரம் சரி, ஆனால் பின்கதவின் மேல்விளிம்பு கூரையோடு சரிந்து வந்து தலையில் இடித்தது. பார்க்க அழகான சரிவுதான், உங்கள் பக்கத்தில்கூட அதைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். மடக்கிய வீல்சேர் டிக்கியில் எந்தப் பக்கமாக வைத்தால் நுழையும், டிக்கியின் விளிம்பு இடுப்புக்கு மேலா கீழா, குழந்தை சீட்டை மாட்டும் ஐஸோஃபிக்ஸ் கொக்கி விரலுக்கு எட்டுகிறதா, மெத்தைக்குள் புதைந்திருக்கிறதா, ஹெட்லைட் பல்பு மாற்ற முன் பம்பரைக் கழற்ற வேண்டுமா, இப்படி ஒரு குடும்பம் கேட்கிற கேள்விகளுக்கு எங்கே போய்ப் பதில் தேடுவது?

ஐந்து வருடத்தில் மாற்றச் சொன்ன பெட்டிச் செய்திக்கு வருகிறேன். கணக்குக்காரியாகச் சொல்கிறேன்: ஒரு கார் தன் மதிப்பில் பெரும்பகுதியை இழப்பது முதல் சில வருடங்களில்தான். அந்த நஷ்டத்தை முழுதாக ஏற்றுக்கொண்டு, சரிவு மெதுவாகத் தொடங்கும் நேரத்தில் விற்றுவிட்டு, மறுபடி முதல் வருட நஷ்டத்திலிருந்து தொடங்குவது எந்தப் பேரேட்டில் லாபமாகும்? என் நோட்டில் பதினான்கு வருடச் செலவையும் கூட்டி வைத்திருக்கிறேன். பெட்ரோலையும் இன்சூரன்ஸையும் நீக்கிவிட்டால், டயர், பேட்டரி, கிளட்ச் பிளேட், பெல்ட், சஸ்பென்ஷன் புஷ், ஆயில் எல்லாம் சேர்த்து, முதல் ஐந்து வருடத்தில் வண்டி இழந்த மதிப்பில் பாதிகூட வரவில்லை.

ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் நியாயமில்லை. எங்கள் வண்டியில் இஎஸ்சி கிடையாது. வழுக்கும் சாலையில் திடீரென்று ஸ்டீயரிங்கை ஒடித்தால், சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனியாக பிரேக் பிடித்து வண்டியை நேர்படுத்துகிற ஏற்பாடு அது. எனக்கு அது இல்லாமல் பழகிவிட்டது. மகள் இன்னும் இரண்டு வருடத்தில் ஓட்டக் கற்றுக்கொள்வாள். அவள் கையில் இந்த வண்டியைக் கொடுக்க எனக்கு மனமில்லை. அப்போது மாற்றத்தான் போகிறோம். காரணம் அதுதான், திரையின் அங்குலம் அல்ல.

என் கோரிக்கை இரண்டு. நீங்கள் விமர்சனம் எழுதிய அதே மாடலை ஐந்து வருடம் கழித்து, பத்து வருடம் கழித்து வைத்திருக்கும் ஒருவரிடம் போய் உட்கார்ந்து, எது முதலில் தேய்ந்தது, எந்தப் பாகம் கிடைக்க எத்தனை நாள் ஆனது, எது அவர்கள் எதிர்பார்த்ததைவிட உழைத்தது என்று கேட்டு எழுதுங்கள். இரண்டாவது, அடுத்த முறை புது வண்டியைச் சோதனை ஓட்டத்துக்கு எடுக்கும்போது, முழங்கால் வலி உள்ள ஒருவரையும் உடன் அழைத்துப் போங்கள். ஆள் கிடைக்காவிட்டால் என் மாமியார் வரத் தயார். இதை அவரே சொல்லச் சொன்னார்.

வெளியிட்டால் என் பெயர் வேண்டாம். மெக்கானிக் அண்ணனும் உங்கள் வாசகர்தான். ‘தெருமுனைக் கடை’ என்று எழுதியதற்குக் கோபித்துக்கொள்வார், அது கடையல்ல, ஒர்க்‌ஷாப்.

இன்று காலை மீட்டர் 1,63,418. பின் இடது டயரில் இரண்டு பவுண்டு குறைவு, போன வாரமும் அதேதான். இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, ஆணி ஏதாவது ஏறியிருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி